தேனீ வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், செயலவையினர், வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பிவிடுகிறேன். படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

செயலவை ஆறு முறை கூடியது. தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலையில் மோர்ப்பந்தல் போட்டோம். கெலுலுட் எனும் கொட்டாத் தேனீயின் பெட்டி பிரிக்கும் பயிற்சி ஒருமுறை நடந்தது. தீபாவளி விருந்துக்கு மட்டும் நாற்காலி பற்றவில்லை.

இனி, அடையைச் சுழற்றித் தேன் எடுக்கும் அந்தப் பழைய இயந்திரத்தை நாம் சீராக்கிய கதை. “பழைய இரும்புக்கு இவ்வளவு செலவா?” என்று புலனத்தில் கேட்டவர்களுக்கு இதுவே என் பதில்.

பாலிக் புலாவில் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் காலமானதும், அவருடைய தேன் சுற்றும் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று குடும்பத்தார் கூப்பிட்டார்கள். ஜாதிக்காய் மரத்தடியில் கிடந்தது. உள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததால், குஞ்சு பொரித்த பிறகுதான் லோரியில் ஏற்ற முடிந்தது.

சாயம் அடித்தால் போதும் என்றார்கள் சிலர். நான் ஒப்பவில்லை. தொட்டி துத்தநாகம் பூசிய தகரம். தேனின் புளிப்பு துத்தநாகத்தைக் கரைத்துவிடும். மூட்டுகளில் ஓடிய பற்றவைப்பை நகத்தால் கீறினேன், கோடு விழுந்தது. ஈயமாக இருந்தால்? விற்கிற தேனில் அந்தச் சந்தேகம் கூடாது. புக்கிட் மெர்தாஜமில் ஒரு பட்டறையில் 304 தர எவர்சில்வர் தகட்டில் புதுத் தொட்டி செய்தோம்.

அப்படியானால் பழசில் என்னதான் மிச்சம் என்றார் ஒருவர். வார்ப்பிரும்புப் பற்சக்கரங்கள், தண்டு, முக்காலி, கைப்பிடி. கைப்பிடியின் மரத்தில் அந்தப் பெரியவரின் கட்டைவிரல் தேய்த்த பள்ளம் இருக்கிறது. அதில் உப்புத்தாள் போடாதே என்று பட்டறைத் தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

பற்களுக்குள் கறுப்பு கிரீஸும் மெழுகும் கல்லாய் இறுகியிருந்தன. மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பச்சைத் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்து இரண்டு ஞாயிறு வீணாக்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பற்சக்கரம் தொட்டிக்கு மேலேயே இருப்பதால் இப்போது உணவுக்கு ஆகிற கிரீஸ்தான் போடுகிறோம். உள்ளே சுழலும் கூடை, அடை கட்டிய பெரிய மரச்சட்டத்துக்கு என்று செய்தது. நம் பொந்துத்தேனீயின் சட்டம் சிறியது, அடையும் மென்மை. அதனால் உள்ளே கம்பிவலை வைத்தோம்.

முதல் சுற்றிலேயே இயந்திரம் வாசல்வரை நடந்து போய்விட்டது. என் தவறுதான்: ஒரு பக்கம் நிறை அடை, எதிர்ப்பக்கம் பாதி அடை. இப்போது எதிரெதிரே ஒத்த எடை வைக்கிறோம், முக்காலியைப் பலகையில் போல்ட் போட்டாயிற்று. மெல்லச் சுற்றி, அடையைத் திருப்பி, மறுபடி சுற்றினால் ஓர் அடைகூட உடைவதில்லை.

கெலுலுட் தேனைப் பம்பு வைத்து உறிஞ்சுகிறவர்களுக்கு இந்த இயந்திரம் தேவையில்லைதான். அதற்காகச் சந்தாவை நிறுத்தலாமா? பாதிப் பேருக்கு மேல் பாக்கி. தேனின் ஈரப்பதம் பார்க்கும் கருவியையும் சீனப் புத்தாண்டுக்கு முன் ஒருவர் இரவல் வாங்கிப் போனார். நம் ஊர்க் காற்றுக்கு, தேனீ மெழுகால் மூடாத அடையில் தேன் எடுத்தால் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டிப் புளித்துவிடும் என்பது அவருக்கும் தெரியும். பெயர் சொல்லவில்லை. இன்று அவர் வரவும் இல்லை.

கணக்கில் வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி, விவரம் பொருளாளரிடம். நான் கைக்காசு போட்டது ஒரு தொகை நிற்கிறது, அதை இங்கே வலியுறுத்தவில்லை. ஆண்டறிக்கையை 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். அதற்குள் சந்தா வந்தால் கணக்கு பார்க்க நன்றாக இருக்கும்.

தலைவருக்கும், லோரி தந்தவருக்கும், மோர் கலக்கிய மகளிருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்புக்கு இளையவர் யாராவது வந்தால் மகிழ்வேன். சென்ற ஆண்டும் இதையே சொன்னேன். கிடங்குச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. ஞாயிறு காலை எட்டு மணிக்குமேல் வீட்டில் இருப்பேன்.

செயலாளர்