இங்கேயும் தாய்ப்பத்திரம்தான், அப்பா

சிங்கப்பூர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? தைலம் தீர்ந்திருந்தால் சொல்லுங்கள், ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன்.

"படிக்கப் போனியா, லைப்ரரியில குடியிருக்கப் போனியா?" என்று போனில் கேட்டீர்கள். போனில் சொன்னால் பாதி காதில் விழாது, அதனால் எழுதுகிறேன்.

இந்தப் பருவத்தில் சிங்கப்பூர்த் தமிழ் இதழ்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். நான் தமிழ் முரசை எடுத்துக்கொண்டேன். 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கியது, இன்றும் நாளிதழாக வருகிறது. 1950-களில் அவர் 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஒரு நிதி திரட்டினார். அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வுத் துறைக்காக. என் கட்டுரை அந்த நிதியைப் பற்றித்தான்.

கூகுளில் தட்டினால் கொட்டுகிறது. ஆனால் நாலைந்து பக்கங்களை அருகருகே திறந்து வைத்துப் பார்த்தால் ஒரே வாக்கியம், ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை. ஒருவர் எழுதியதை மற்றவர்கள் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். முதலில் எழுதியவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்று எங்கேயும் இல்லை. மனை வாங்க வருகிறவர்களிடம் நீங்கள், "ஜெராக்ஸ் எத்தனை இருந்தா என்ன, தாய்ப்பத்திரம் எங்கே?" என்று கேட்பீர்களே, எங்கள் பேராசிரியர் கேட்பதும் அதுதான்.

சரி, அதைத் தேடுவது எப்படி? எங்கள் கல்லூரி நூலகத்தில் நூலகர் என்றால் தேதி முத்திரை குத்துகிறவர் மட்டும் இல்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் பக்கத்தில் உட்கார வைத்துத் தேடிக் காட்டுகிறார். காசு கிடையாது. எனக்கு வாய்த்தவர் ஒரு சீன அம்மா. தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது, ஆனால் தமிழ்ப் பெயர்களைத் தேடுவதில் கில்லாடி. சாரங்கபாணி என்பதை ஆங்கிலத்தில் ஒருவர் கடைசியில் 'ஒய்' போட்டு எழுதுவார், இன்னொருவர் 'ஐ' போடுவார். முழுப் பெயரையும் தட்டினால் பாதிதான் அகப்படும். அந்த அம்மா 'சாரங்கபா' வரைக்கும் தட்டி, பின்னாலேயே ஒரு நட்சத்திரக் குறி போட்டார். அதற்கப்புறம் பெயர் எப்படி முடிந்தாலும் வந்து விழுகிறது. இரண்டு சொல் ஒட்டியே வர வேண்டுமானால் மேற்கோள் குறிக்குள் போட வேண்டுமாம். இவ்வளவுதான் வித்தை. திரையில் பட்டியல் கிடுகிடுவென்று நீண்டது.

பணம் கட்டினால்தான் படிக்க முடியும் என்கிற ஆய்விதழ்களுக்கும், அவற்றைச் சேர்த்துத் தரும் ஜேஸ்டோர் மாதிரித் தளங்களுக்கும் கல்லூரியே சந்தா கட்டிவிடுகிறது. மாணவர் எண்ணைப் போட்டு விடுதியில் படுத்துக்கொண்டே படிக்கலாம். அந்த இதழ்களில் ஒரு கட்டுரை அச்சேறும் முன் அதே துறைக்காரர்கள் சிலர் படித்துக் குறை சொல்லித் திருத்தச் சொல்வார்கள். நல்ல ஏற்பாடு. அதற்காக அதில் வருவதெல்லாம் வேதவாக்கு இல்லை. நான் முதலில் புரட்டுவது அடிக்குறிப்பைத்தான். எழுதியவர் முரசையே எடுத்துப் பார்த்தாரா, இல்லை இன்னொருவர் புத்தகத்தைப் பார்த்து எழுதினாரா என்பது அங்கே தெரிந்துவிடும். விக்கிப்பீடியாவிலும் எனக்கு வேண்டியது கீழே இருக்கும் சான்றுப் பட்டியல்தான்.

கல்லூரியில் கிடைக்காததற்கு விக்டோரியா தெருவில் தேசிய நூலகம். பூகிஸ் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். அதில் 7-ஆம் மாடியிலிருந்து 13 வரை லீ கொங் சியன் நூலகம். அங்கே புத்தகத்தை வீட்டுக்குத் தரமாட்டார்கள், உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். 11-ஆம் மாடியில் முதுகில் 959.57 என்ற வகை எண் ஒட்டிய புத்தக அடுக்குகள் முழுக்கச் சிங்கப்பூர் வரலாறு. ஒரு புத்தகத்தைத் தேடிப் போனால் பக்கத்தில் இருப்பது இன்னும் நல்லதாக இருக்கிறது. வெளியே வேர்த்துக் கொட்டும், உள்ளே ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார முடியாது.

பழைய நாளிதழ்களைப் படமெடுத்து 'நியூஸ்பேப்பர்எஸ்ஜி' என்ற தளத்தில் போட்டிருக்கிறார்கள். சில பக்கங்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம், சிலவற்றுக்கு நூலகக் கணினிக்குத்தான் போக வேண்டும். அச்சு மங்கியிருந்தால் இயந்திரம் எழுத்தைத் தப்பாகப் படிக்கும், அதனால் தேடல் பெட்டியில் ஒன்றும் வராததை வைத்து அன்றைக்குச் செய்தியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தேதியைப் பிடித்துப் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். கண் எரியும்.

மூலமே கிடைத்தாலும் வேலை முடியவில்லை. நிதி திரட்டியவரும் சாரங்கபாணி, இதழை நடத்தியவரும் அவர். தம் முயற்சியைப் பற்றித் தம் இதழில் எப்படி எழுதுவார்? முரசு தன் வாசகர்களிடம் என்ன சொன்னது என்பதற்கு முரசைவிட நல்ல சான்று இல்லை. மற்றவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு அது போதாது. அதற்காக அதே மாதங்களின் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் என்ற ஆங்கில நாளிதழையும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். அதில் நம்மவர்கள் செய்தி ஒரு மூலையில் நாலு வரி வந்தால் பெரிது.

தேன்மொழிக்கும் கல்லூரியில் புராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். சிங்கப்பூருக்கு வந்தால்தான் இதெல்லாம் கிடைக்கும் என்று அவள் நினைக்க வேண்டாம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் ஷோத்கங்கா என்ற இணையதளத்தில் இலவசம். சிலது பிரமாதம், சிலது வெட்டி ஒட்டியது, அடிக்குறிப்பைப் பார்த்தால் புரியும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் இருக்கின்றன. சென்னைக்குப் போனால் தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்தைப் பார்க்கட்டும். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்தவர் சேர்த்து வைத்த புத்தகங்களில் இருந்து வந்தது அது. பெரியப்பா குடும்பக் குழுவில் அனுப்பும் 'நாசாவே வியந்தது' செய்திகளை மட்டும் புராஜெக்டில் சேர்த்துவிட வேண்டாம். அவரோடு சண்டையும் போட வேண்டாம்.

சனிக்கிழமை ராத்திரி அவளை லேப்டாப்போடு உட்காரச் சொல்லுங்கள். ஷோத்கங்காவில் தேடுவது எப்படி என்று வீடியோ காலில் காட்டுகிறேன். தலைப்பை அதற்குள் முடிவு செய்து வைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகன்