மில்லை நிறுத்திய அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

பெங்களூரில் எங்கள் அல்சூர் நூலகத் திரையிடலுக்குக் கைகொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

அந்த மழை ராத்திரியைப் பற்றி மறுபடி எழுதப் போவதில்லை, உங்களுக்கே தெரியும். மழைத் தண்ணீரில் கூடம் போனது, திரை போனது. ஆனாலும் பழைய அறிவியல் புனைகதைப் படங்கள் ஒன்றுகூட ரத்தாகவில்லை. நேற்று கடைசிப் படமும் ஓடி முடிந்தது. படபடப்பு அடங்குவதற்குள் நன்றியைச் சொல்லிவிடுகிறேன்.

ராத்திரியோடு ராத்திரியாகப் புத்தகங்களை மாடிக்கு ஏற்றிய கல்லூரிப் பிள்ளைகள், வாடகை வாங்காமல் நாற்காலி இறக்கிய ஷாமியானா கடைக்காரர், சொந்த புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு வந்த ஆசிரியர், திரையிடும் அனுமதிக்காகக் கடிதம் மேல் கடிதம் எழுதிய தம்பி, சாவியை எங்களை நம்பிக் கொடுத்த நூலகர் மேடம்... உங்கள் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு மடல் எழுதலாம். கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்த மடலை ராகி மில் அக்காவுக்குக் கொடுக்கிறேன்.

கூடம் போனதும் பின்பக்க ஷெட்டுக்கு மாறினோம் இல்லையா, அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அக்காவின் மில். பெல்ட் ஓடத் தொடங்கினால் சுவர் அதிரும். மிளகாய் அரைத்தால் எங்கள் பக்கம் தும்மல். முதல் படமோ '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'. மனிதன் நிலவில் கால் வைப்பதற்கு முந்தைய வருடம், 1968இல் வந்தது. தொடக்கத்தில் ஏறத்தாழ 25 நிமிடம் ஒரு வசனம்கூடக் கிடையாது. அந்த மௌனத்தில் ராகி அரைபட்டால் கதை கந்தல்தான்.

சனிக்கிழமை சாயங்காலம், நல்ல வியாபார நேரம். மில்லை நிறுத்துங்கள் என்று யார் போய்ச் சொல்வது? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா தானாகவே பெல்ட்டைக் கழற்றிவிட்டார். கதவில் ஒரு சிலேட்டு தொங்கியது. கன்னடத்திலும் தமிழிலும் சாக்பீஸால் எழுதியிருந்தார்: "சினிமா நடக்குது. மாவு எட்டரைக்கு மேல்."

மாவு அரைக்க வந்தவர்கள் டப்பாக்களை வரிசையில் வைத்துவிட்டு ஷெட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். "இதெல்லாம் நிஜக் குரங்கா?" என்று ஒரு பாட்டி கேட்டார். மைம் கலைஞர்கள் வேஷம் கட்டியது என்றோம். குட்டைத் தண்ணீருக்காக அந்தக் குரங்குகள் அடித்துக்கொண்டபோது, "அதான் பார்த்தேன், நம்ம குழாயடிச் சண்டை மாதிரியே இருக்கு" என்றார். படத்தை எடுத்த குப்ரிக் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்தது ஃபிரிட்ஸ் லாங் எடுத்து 1927இல் வந்த 'மெட்ரோபோலிஸ்'. மௌனப் படம்தானே, இன்றைக்கு மில் ஓடட்டும் என்று அக்காவிடம் போய்ச் சொன்னேன். படத்தின் நடுவே வரும் எழுத்து அட்டைகளைக் கல்லூரிப் பெண் ஒருத்தி தமிழில் வாசிக்கப் போகிறாள் என்பது அவர் காதுக்கு முன்பே எட்டியிருக்கிறது. "அப்ப அந்தப் பொண்ணு தொண்டை கிழியக் கத்தணுமா?" என்று கேட்டு அன்றைக்கும் நிறுத்திவிட்டார். முழங்கை வரை மாவோடு பின்னால் நின்றே பார்த்தார். பெரிய யந்திரம் சூடேறி வெடிக்கும் காட்சியில், "இவ்வளவு சூடேற விட்டா எந்த மெஷின்தான் தாங்கும்?" என்று அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

நஷ்டத்துக்கு ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று போனோம். "கரண்டு மிச்சம், போங்க" என்று அனுப்பிவிட்டார்.

நூலகத்தில் சினிமா எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. 1965ஆம் வருட நூலகச் சட்டப்படி கர்நாடகத்தில் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வருகிறது. அப்படிப் பார்த்தால் அந்த ஷெட்டில் மில்லுக்கும் பங்கு இருக்கிறது. டப்பாவோடு வந்தவர்களில் சிலர் இப்போது உறுப்பினர் அட்டை கேட்கிறார்கள்.

அக்காவுக்கு எங்கள் மேல் ஒரே ஒரு குறை. "எம்.ஜி.ஆர். படத்துல பறக்கும் தட்டு வருமே, அதை ஏன் போடலை?" அவர் சொல்வது 1963இல் வந்த 'கலை அரசி'. வேற்றுக் கிரகத்துக்காரர்கள் சங்கீதம் கற்றுக்கொள்ள பானுமதியைத் தூக்கிக்கொண்டு போவார்களே, அதுதான். சரி அக்கா, அடுத்த வரிசையில் முதல் படம் அதுவே. திரையிடும் உரிமை இப்போது யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் நூலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.