இடையில் வானம் தெரிந்தது: வான்போர் விளையாட்டுகளை உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

இணைய வான்போர் விளையாட்டுகளை வடிவமைக்கும் நிரலாளர்களுக்கும், அவற்றின் சர்வர்களைப் பராமரிப்பவர்களுக்கும் வணக்கம்.

கோவையில் அமர்ந்து, ஐரோப்பாவில் இருக்கும் சர்வரில் இரவு நேரங்களில் ஹரிக்கேன் என்ற இரண்டாம் உலகப்போர் காலப் பிரிட்டிஷ் போர்விமானத்தை விளையாட்டில் ஓட்டுபவன் நான். சென்ற மாதம் ஒரு மெஸ்ஸர்ஷ்மிட் 109 என்ற ஜெர்மன் போர்விமானத்தின் அடிவயிற்றுக்குக் கீழே பாய்ந்து கடந்தேன். இரண்டு விமானங்களுக்கும் இடையில் வானம் தெரிந்தது. ஆனாலும் என் இடது இறக்கை முறிந்து விழுந்தது. ‘வந்து மோதியது நீதான்’ என்று எதிராளி சாட்டில் எழுதினார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய திரையில் நான் மோதித்தான் இருந்தேன்.

இது ஏன் நேர்கிறது என்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். கோவையிலிருந்து, சர்வர் இருக்கும் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 7,500 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும் என்பதால், போய்த் திரும்பவே 75 மில்லி வினாடி ஆகிவிடும். கேபிள் சுற்றிச் செல்லும் வழியும், இடையிலுள்ள ரவுட்டர்களும், எதிராளியின் இணைப்பும் சேர்ந்தால் கால் வினாடி என்பது வியப்பில்லை. மணிக்கு 540 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் அந்தக் கால் வினாடியில் 37 மீட்டர் நகர்ந்துவிடும். அது நான்கு ஸ்பிட்ஃபயர் போர்விமானங்களை வரிசையாக நிறுத்தும் நீளம். இதைச் சரிக்கட்டத்தான், கடைசியாக வந்த தகவலிலிருந்து எதிரி விமானம் இப்போது எங்கே இருக்கும் என்று என் கணினி ஊகித்து வரைகிறது. விமானம் நேராகப் பறக்கும்வரை ஊகம் பலிக்கும். அது புவியீர்ப்பைப் போல் ஐந்து மடங்கு விசையில் திடீரென வளைந்தால் கால் வினாடியில் ஒன்றரை மீட்டர் பிசகும். இணையத்தில் வரும் ஒரு தகவல் பொட்டலம் (பாக்கெட்) தொலைந்து தாமதம் அரை வினாடியானால் பிசகு இரு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகி 6 மீட்டரைத் தொடும். ஸ்பிட்ஃபயரின் இறக்கை அகலமே 11 மீட்டர் சொச்சம்தான்.

இந்தச் சிக்கல் புதியதன்று. 1988-இல் கெஸ்மாய் நிறுவனத்தின் ஏர் வாரியர் என்ற வான்போர் விளையாட்டு ஜீனி என்ற இணைப்புச் சேவையில் வந்தபோது, தொலைபேசி மோடத்தில், மணிக்கணக்கில் கட்டணம் செலுத்தி ஆடியவர்களுக்கும் இதே தாமதம் இருந்தது. 2000-இல் வெளிவந்த ஏசஸ் ஹை என்ற விளையாட்டு இதற்கு ஒரு விதி வைத்தது: எவருடைய திரையில் மோதல் நிகழ்கிறதோ, சேதம் அவருக்கே. ஒருவர் விழ, மற்றவர் கீறல்கூட இல்லாமல் பறந்து போவதைப் பார்த்துக் கொதித்தவர்கள் பலர். முதலில் எனக்கும் அது அநியாயமாகவே பட்டது. ஆனால் மாற்று வழிகளை எண்ணிப் பாருங்கள். இருவரையும் சேர்த்து வீழ்த்தினால், மோதலைத் தவிர்த்தவரும் சாகிறார். சர்வரின் கணக்கே முடிவு என்றால், இருவரும் பார்க்காத ஒரு வானில் தீர்ப்பு எழுதப்படுகிறது. கண்ணால் கண்டதற்கு மட்டும் பொறுப்பேற்கும் பழைய விதியே, என் கணிப்பில், தொலைவிலிருந்து ஆடுபவருக்குக் குறைந்த கேடு செய்வது.

அதை மோதலுக்கேனும் ஏற்கும்படி வேண்டுகிறேன். குண்டடிக்கு அதே விதி பொருந்தாமல் போகலாம், ஏனெனில் ஏமாற்று நிரல்களுக்கு அது கதவு திறந்துவிடும் என்ற உங்கள் அச்சம் நியாயமானது.

எந்த விதியை வைத்தாலும், அதை ஆட்டத்துக்குள்ளேயே சொல்லிவிடுங்கள். வார் தண்டர் என்ற விளையாட்டில் ஆட்டம் முடிந்தபின் சர்வரின் பதிவை மீண்டும் ஓட்டிப் பார்க்கலாம். நல்ல வசதிதான், ஆனால் அதில் தெரிவது சர்வர் கண்ட போர், நான் கண்டதன்று. இறக்கை முறிந்ததும் திரையின் ஓரத்தில் ‘உங்கள் கணக்கில் இடைவெளி 4 மீட்டர், எதிராளியின் கணக்கில் மோதல், தாமதம் 260 மில்லி வினாடி’ என்று ஒரு வரி வந்தால் போதும். அந்த எண்கள் எப்படியும் உங்கள் கணிப்பொறிகள் வழியாகத்தான் போகின்றன.

அன்றிரவு அந்த எதிராளிக்கு நான் மறுமொழி எழுதவில்லை. என்னிடம் காட்ட எண் எதுவும் இருக்கவில்லை.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு ஹரிக்கேன் விமானி