செம்பட்டைத் தலைக்கு வேறு வேடமே கிடையாதா?

சிறுவர் கதை எழுதுகிறவர்களுக்கும், அவற்றைத் தேர்ந்தெடுத்து வெளியிடும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

சமீபத்தில் உங்கள் இதழில் வந்த கோழி திருடும் பையனுக்கு என்ன தலை வைத்தீர்கள் என்று உங்களுக்கே தெரியும். செம்பட்டைப் பரட்டை. அதற்கு முன்னால் வந்த முருங்கைமரப் பேய்க்கும் அதே தலைதான், பிள்ளை பிடிக்கிறவனுக்கும் அதே தலைதான். ஒரே விக்கை மூன்று பேருக்கும் மாட்டிவிட்டீர்கள்.

என் மகளுக்கு முடி செம்பட்டை. எங்களுடையது கடற்கரை ஊர். வெயில் பட்டுப் பட்டு முடியின் கறுப்பு வெளுத்துவிடும், உப்புத் தண்ணீர் அதை இன்னும் வறட்டிவிடும். இங்கே பல பிள்ளைகளுக்கு இப்படித்தான். உங்கள் கதையை வகுப்பில் வாசித்த நாளிலிருந்து அவள் பெயர் 'கோழித்திருடி'. எண்ணெய் ஊறினால் முடி கறுப்பாகத் தெரியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போல, காலையில் தேங்காய் எண்ணெயை அப்படியே தலையில் கவிழ்த்துக்கொள்கிறாள். அது நெற்றியில் வழிந்து, காலரில் இறங்கி, கணக்கு நோட்டுவரை போகிறது. நோட்டைப் பார்த்து டீச்சர் திட்டுகிறார். முன்பெல்லாம் கோகோவில் அவளை விரட்டிப் பிடிக்க ஆள் கிடையாது. இப்போது விளையாட்டு பீரியடில் வேப்பமர நிழலைவிட்டு நகர்வதில்லை. வெயிலில் நின்றால் எண்ணெய் காய்ந்து நிறம் தெரிந்துவிடுமாம்.

செம்பட்டை முடியைக் கெட்டவர்களின் அடையாளமாக எழுதாதீர்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

வருணிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தாராளமாக வருணியுங்கள், ஆனால் கொஞ்சம் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு. சுந்தரர் 'மின்னார் செஞ்சடைமேல் மிளிர்கொன்றை அணிந்தவனே' என்று பாடினார். சிவந்த சடையில் அவருக்கு மின்னல் தெரிந்தது. காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டுப் பெண்பேய்க்கு 'பங்கி சிவந்து' என்று சிவந்த முடிதான் வைத்தார், மறுக்கவில்லை. ஆனால் அவர் தன்னையே காரைக்கால் பேய் என்று சொல்லிக்கொண்டவர். அந்தக் காட்டில் ஆடுகிற சாமிக்கும் செஞ்சடைதான். அவர் பேயைப் பற்றிப் பாடிய பாட்டைக் கேட்டு எந்தப் பிள்ளையும் எண்ணெயில் குளித்திருக்காது.

கனடாவில் மான்ட்கமரி 1908-இல் எழுதிய நாவலில், சிவப்பு முடியைக் 'கேரட்' என்று கேலி செய்த பையனின் தலையில் ஆன் என்ற சிறுமி சிலேட்டை உடைக்கிறாள். என் மகளிடம் சிலேட் இல்லை. உங்கள் அதிர்ஷ்டம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். புரதச்சத்து மிகவும் குறைந்துபோனால் குழந்தைகளின் முடி செம்பட்டையாகும். அப்படியென்றால் சாப்பாடு போதாத பிள்ளையைத்தான் திருடன் என்கிறீர்களா? பார்லரில் காசு கொடுத்துச் செம்பட்டை ஆக்கிக்கொண்டால் ஸ்டைல். கடற்கரையில் இலவசமாகக் கிடைத்தால் திருட்டுமுழி. நல்ல நியாயம்!

சரி, கோபம் வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் பணிவாகவே கேட்கிறேன்: செம்பட்டை முடியைக் கெட்டவர்களின் அடையாளமாக எழுதாதீர்கள். ஓவியர்களிடமும் சொல்லிவையுங்கள். நீங்கள் எழுத்தில் பரட்டை என்று போட்டால், அவர்கள் படத்தில் பேன்களையும் சேர்த்து வரைகிறார்கள். அடுத்த இதழ்களில் ஏதாவது ஒரு கதையில் செம்பட்டை முடிக்காரி ஒருத்தி சும்மா வகுப்பில் உட்கார்ந்து கணக்குப் போடட்டும். வீராங்கனையாக எல்லாம் ஆக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் இதழுக்குச் சந்தா கட்டும் ஒரு தாய்