வலையில் வந்தது செடியல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த வாரம் திருகோணமலை மீனவர் ஒருவரின் வலையில் சிக்கியதென்று ஒரு படம் போட்டிருந்தீர்கள். கீழே ‘அதிசயக் கடல் தாவரம்’ என்று இருந்தது. படத்தில் இருப்பது கடல் விசிறி. அது ஒரு பவள வகை; தாவரமல்ல, விலங்கு. இருபத்தெட்டு வருடம் உயர்தர மாணவருக்கு விலங்கியல் படிப்பித்தவன், கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

உங்களைக் குறை சொல்லவில்லை. பவளத்தில் பூப்பது பூதான் என்று ஐரோப்பியப் பேரறிஞர்களே நம்பியிருந்தார்கள். 1720களில் பெய்சொனல் என்ற மார்செய் நகர வைத்தியர் அது பூவல்ல, சிறு விலங்கு என்றார். பாரிஸ் விஞ்ஞான சபைக்கு அதை எடுத்துச் சொன்ன விஞ்ஞானி ரெயோமூர், ஊர் சிரிக்கும் என்று பெய்சொனலின் பெயரையே மறைத்துவிட்டார்.

திருக்கடலூரில் என் மச்சானின் வலையிலும் விசிறி வரும். கண்ணியிலிருந்து அதைப் பிரித்தெடுப்பதற்குள் அரை நாள் போய்விடும், வாயில் வருவதையெல்லாம் திட்டுவார். போன மாதம் வந்ததில் நகமளவு முறித்து வாங்கி, துணி வெளுக்கும் திரவத்தில் ஒரு பீங்கான் கோப்பையில் போட்டேன். சிவப்புத் தோலும் சதையும் கரைந்து அடியில் மணல் போல ஒன்று தங்கியது. கழுவி நுணுக்குக்காட்டியில் வைத்தால் அத்தனையும் குட்டிப் பாகற்காய்கள்! இரு முனையும் கூர், உடம்பெல்லாம் முடிச்சு, ஒவ்வொன்றும் மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு இருக்கும். அந்த விலங்கு தன் சதைக்குள் கட்டி வைக்கும் சுண்ணாம்பு முள்கள் அவை. என் மனைவிக்கும் காட்டினேன். கோப்பையை இனிச் சமையலறைக்குள் கொண்டுவர வேண்டாம் என்றார்.

விசிறியும் மென்பவளமும் எந்த இனம் என்று தீர்மானிக்க அந்த முள்களைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள். வெளித் தோற்றத்தை நம்ப முடியாது. நீரோட்டத்துக்கு ஏற்ப ஒரே இனம் வேறு வேறு வடிவில் வளரும், நிறமோ போத்தலில் போட்டால் பெரும்பாலும் வெளிறிவிடும். வாயைச் சுற்றியுள்ள பரிசக்கொம்பு எட்டு இருந்தால் விசிறி, மென்பவளத்தின் கூட்டம், ஆறின் மடங்கில் இருந்தால் முருகைக்கல் கட்டும் வன்பவளத்தின் பக்கம் என்று எண்ணிப் பார்க்கலாம். ஆனால் அது முதல் படி மட்டும்தான்.

மரபணு வந்த பிறகு மேல் படிகளே ஆட்டம் கண்டுவிட்டன. நான் கரும்பலகையில் எழுதிப் போட்ட வருணங்களை, அதாவது குடும்பத்துக்கு மேலுள்ள பெரும் பிரிவுகளை, 2022இல் கலைத்துவிட்டு, எண்கொம்புப் பவளங்கள் எல்லாவற்றையும் இரண்டே வருணங்களுக்குள் கொண்டுவந்தார்கள். என் பழைய மாணவர்கள் மன்னிக்கவும்.

என் கைப்பிழை ஒன்றையும் சொல்கிறேன். பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒரு மென்பவளத்தைப் பல வருடம் போமலினில் வைத்திருந்தேன். அது அமிலமாகி முள்களைக் கரைத்துவிட்டது, மரபணுவும் கெட்டிருக்கும். தொண்ணூற்றைந்து வீத எதனோலில் போட்டிருக்க வேண்டும்.

பேராசிரியர் ஹெர்ட்மன் முத்துக்குளிப்பை ஆராய 1902இல் இலங்கைக்கு வந்தார். அவர் இங்கு சேர்த்த மென்பவளங்களை தொம்சனும் ஹென்டர்சனும் 1905இல் விவரித்து எழுதினார்கள். இன்று ஒருவர் நம் கடலில் புதிய இனம் கண்டேன் என்றால், அப்படிப் பெயரிடப்பட்ட மூல மாதிரிகளோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். அதற்கு வெளிநாட்டு நூதனசாலைகளின் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. போனது போகட்டும். இனி வருவதையாவது இங்கே வைக்கலாமே. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அங்கே ஒரு அலுமாரியும் ஒரு பதிவேடும் போதும். கடலில் இறங்கிப் பிடுங்கச் சொல்லவில்லை. வலையில் வந்ததிலிருந்து ஒரு துண்டு, திகதி, இடம், எத்தனை பாகம் (ஒரு பாகம் ஆறடி) ஆழம், அதை மீனவர் என்ன பெயரில் அழைக்கிறார், அவ்வளவுதான். அந்தப் பெயர் முக்கியம். நம் முருங்கைதானே மொரிங்கா என்று உலகத் தாவரவியலில் ஏறியிருக்கிறது? இலங்கையின் சிறு நன்னீர் மீன்களுக்கு 2012இல் பெத்தியா என்று சிங்களப் பேச்சு வழக்கையே பெயராக வைத்தார்கள். விசிறிக்கும் மீனவர் வாய்ச் சொல் ஒன்று ஏறலாம்.

உங்கள் நிருபர் அடுத்த முறை படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு அடிமட்டத்தையோ தீப்பெட்டியையோ வைக்கட்டும். மச்சானின் விசிறித் துண்டு என்னிடம் ஒரு ஜாம் போத்தலில், எதனோலில், திகதி ஒட்டி இருக்கிறது. வேண்டியவர்கள் வந்து எடுத்துப் போகலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
திருகோணமலை