விளக்குத்தூணைப் படமெடுத்த கேப்டன்: தொல்லியல் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை ஆணையர் அவர்களுக்கும் துறையின் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

மதுரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு விளக்குத்தூண் என்றால் ஜவுளிக் கடைகளும் தீபாவளி நெரிசலும்தான் முதலில் நினைவுக்கு வரும். கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக எழுப்பப்பட்ட அந்தத் தூணை 1858ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருவர் படமெடுத்து, நகரின் பிற படங்களோடு சேர்த்து வெளியிட்டார். அவர் பெயர் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். தூணின் அருகிலோ, அவர் படமெடுத்த நாயக்கர் மகால், புதுமண்டபம், தெப்பக்குளம் ஆகியவற்றின் அருகிலோ அவர் பெயர் தாங்கிய ஒரு பலகையையும் நான் கண்டதில்லை. அதன் பொருட்டே இம்மடல்.

ட்ரைப் 1822இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். பதினாறு, பதினேழு வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் சேர்ந்தவர். 1850களின் தொடக்கத்தில் விடுப்பில் தாய்நாடு சென்றிருந்தபோதுதான் புகைப்படக் கலையைக் கற்றார். திரும்பி வந்ததும் பேலூர், ஹளேபீடு கோயில்களைப் படமெடுத்து, 1855இல் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் அவற்றை வைத்துப் பரிசு பெற்றார். அதே ஆண்டில் பர்மிய மன்னரிடம் அனுப்பப்பட்ட தூதுக்குழுவோடு சென்று, அந்நாட்டின் படங்களில் 120ஐத் தேர்ந்தெடுத்து ஐம்பது படிகள் அச்சிட்டார். ஆறாயிரம் அச்சுகள் என்பது இன்று ஒரு பிற்பகல் வேலை. அன்று ஒவ்வொன்றையும் வெயிலில் வைத்து, கழுவி, உலர்த்தி எடுக்க வேண்டியிருந்தது. இத்திறமையைக் கண்ட மதராஸ் அரசு அவரையே தன் அதிகாரபூர்வப் புகைப்படக் கலைஞராக அமர்த்தியது.

1857 டிசம்பரில், வடக்கே பெரும் கிளர்ச்சி இன்னும் அடங்காதிருந்த வேளையில், அவர் பெங்களூரிலிருந்து மாட்டுவண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். ராயக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு எனச் சுற்றி, சில மாதங்களில் நூற்றுக்கணக்கான எதிர்ப்படிமங்களை (நெகட்டிவ்) சேர்த்தார். அக்காலத்தில் புகழ்பெற்று வந்த கண்ணாடித் தகட்டு முறையில், தகட்டின் மேல் பூசிய கலவை உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். நம் ஊர் வெயிலில் அது எத்தனை நேரம் ஈரமாக நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. ட்ரைப் மெழுகூட்டிய காகிதத்தைக் கையாண்டார். அதை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம். படமெடுத்த பிறகும் ஆற அமரக் கழுவலாம். ஆனால் வெளிச்சம் பதிய நிமிடக்கணக்கில் ஆகும். ஆகவே நடமாடிய மனிதர்கள் படத்தில் தங்கவில்லை. வெறிச்சோடிய தெருக்களைக் கண்டு அன்றைய மதுரை ஆளற்றுக் கிடந்ததென்று எவரும் எண்ணிவிடக் கூடாது. வானத்து மேகங்களையும் நம்பிவிட வேண்டாம்: வெறுமையாகப் பதிந்த வானத்தில் அவரே எதிர்ப்படிமத்தின் மேல் தூரிகையால் மேகம் தீட்டுவது வழக்கம்.

கட்டடங்களைப் பொறுத்தவரை அவர் ஒரு அளவையாளரின் கண்ணோடு நின்றார். தங்கள் துறையின் பாதுகாப்பில் உள்ள திருமலை நாயக்கர் மகாலை, நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்த காலத்தில் பழுதுபார்க்கும் முன்பே, சிதைந்து கிடந்த நிலையில் அவர் பதிவு செய்தார். எந்தச் சுதை வேலை நாயக்கர் காலத்தது, எது பிற்காலத்தில் சேர்ந்தது என்று ஆராய்வோர்க்கு இப்படங்களைவிட நேர்மையான சாட்சி அரிது. 2018 பிப்ரவரியில் மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பற்றி அதன் ஒரு பகுதி இடிந்தபோது, பழைய பதிவுகளின் அருமை என்னவென்று நாம் எல்லோரும் உணர்ந்தோம்.

எனினும் அவருடைய பணிகளுள் தலையாயது தஞ்சையில் செய்ததே என்பது என் கருத்து. தானும் தன் அக்கனும் (தமக்கையும்) பெண்டுகளும் மற்றவர்களும் கொடுத்தவற்றையெல்லாம் ஸ்ரீவிமானத்தில் ‘கல்லிலே வெட்டுக’ என்று இராசராசன் ஆணையிட்டதை நாம் அறிவோம். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் நீண்டு செல்லும் அக்கல்வெட்டுகளை ஒரே படத்தில் அடக்க முடியாது. ட்ரைப் கருவியைச் சிறிது சிறிதாக நகர்த்தி வைத்து, எடுத்த படங்களுள் இருபத்தொன்றை விளிம்போடு விளிம்பு ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒற்றைச் சுருளாக்கினார். ஜெர்மானியக் கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் அவர்கள் 1891 முதல் தஞ்சைக் கல்வெட்டுகளைத் தொகுத்துப் பதிப்பிப்பதற்கு முப்பதாண்டுகளுக்கும் முன்பு நடந்தது இது. தமிழ் எழுத்துக்காகவே ஒளிப்படக் கருவி இவ்வளவு பாடுபட்டதற்கு இதற்கு முந்தைய சான்று எதையும் நான் அறியேன்.

அதே 1858இல், கம்பெனி அரசின் அதிகாரியான சர் வால்டர் எலியட் ஆந்திரத்தின் அமராவதியிலிருந்து சென்னைக்குக் கொண்டுவரச் செய்திருந்த பௌத்தச் சிற்பங்களையும் அவர் படமெடுத்தார். மறு ஆண்டு அச்சிற்பங்கள் கப்பலேறின. இன்று அவை லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. புறப்படுமுன் அவை சென்னையில் எந்நிலையில் இருந்தன என்பதற்கு அவருடைய படங்களே ஆதாரம்.

இத்தனைக்கும் பிறகு, 1859இல் பொறுப்பேற்ற ஆளுநர் சார்லஸ் ட்ரெவெல்யன், அரசின் நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று சொல்லி அந்தப் புகைப்படப் பிரிவையே மூடிவிட்டார். ட்ரைப் அதன் பின் மிகச் சில படங்களையே எடுத்தார். படைப்பணியைத் தொடர்ந்து, ஓய்வு பெற்று, பிறந்த ஊரிலேயே 1902இல் மறைந்தார். 2014இல் வாஷிங்டனில் தொடங்கி நியூயார்க்கிலும் லண்டனிலும் அவர் படங்களுக்குப் பெருங்கண்காட்சி நடந்தது. மதுரையிலும் தஞ்சையிலும் அவரை அறிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கம்பெனிப் படை அதிகாரி ஒருவரைக் கொண்டாடுவதா என்று கேட்பவர்கள் உண்டு. அக்கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. ஆளும் நாட்டைக் கணக்கெடுத்து வைக்கும் எண்ணத்தில்தான் கம்பெனி அரசு அவருக்குச் சம்பளம் கொடுத்தது. ஆதலால் நான் சிலை கேட்கவில்லை, தெருப்பெயரும் கேட்கவில்லை. வண்டி ஓட்டிய, நீர் சுமந்த, அச்சுகளைக் கழுவிய நம்மவர்களின் உழைப்பும் அப்படங்களில் இருக்கிறது என்பதை மறவாமல், படங்களை ஊருக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்றே கேட்கிறேன்.

அவர் மறைந்து நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டதால் பதிப்புரிமைத் தடை ஏதுமில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் போன்றவை தங்களிடமுள்ள பழம்படங்களை எவரும் எடுத்தாளும்படி இணையத்தில் வைத்திருக்கின்றன. முதலில் நாயக்கர் மகாலில் தொடங்கலாம்: அவர் கருவியை நிறுத்திய இடத்தைக் கண்டறிந்து, அங்கிருந்து தெரிந்த காட்சியின் அச்சைத் தமிழ்க் குறிப்போடு அங்கேயே வைக்கலாம். யானைமலை, திருச்சி மலைக்கோட்டை, ராயக்கோட்டை ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். தஞ்சைச் சுருளுக்கு மட்டும் தனி இடம் வேண்டும். பெரிய கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதை அறிவேன். அவர்களோடு பேசி, அந்நகரில் ஓர் அறையின் சுவரில் அதை முழு நீளத்துக்கு விரித்து, கீழே கல்வெட்டின் வாசகத்தை இன்றைய எழுத்தில் தர ஏற்பாடு செய்யுங்கள். இருபது அடிச் சுவர் போதும்.

இங்ஙனம்,
மதுரையிலிருந்து ஒரு வாசகன்