கறுப்புத் திரையையும் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். கொழும்பு நிறுவனமொன்றுக்கு லயத்து வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை செய்கிறேன். நான் எழுதும் சேவைகளைக் குபர்நெட்டீஸ் கிளஸ்டரில், அதாவது குபர்நெட்டீஸ் என்ற மென்பொருள் ஒன்றாக நிர்வகிக்கும் கணினிக் கூட்டத்தில், ஏற்றுவதும் என் பொறுப்பு. மலையகக் கணினி வகுப்புகளில் கட்டளை வரியையும் சொல்லித்தர வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு மழை இரவு. டேர்மினலில், அதாவது கட்டளைகளை எழுத்தில் தட்டும் கறுப்புத் திரையில், புதிய பதிப்பை ஏற்ற 'கியூப்சிடிஎல் அப்ளை' என்று தட்டினேன். 'கன்ஃபிகர்ட்' (மாற்றம் பதிவாயிற்று) என்று ஒரு வரி வந்தது. அடுத்த நிமிடம் கரண்ட் போய்விட்டது, ரவுட்டரும் அணைந்தது, போனில் சிக்னலே இல்லை. ஒன்றரை மணித்தியாலம் கழித்துக் குடையோடு மேல் ரோட்டுக்கு ஏறி, போன் இணைப்பில் பார்த்தேன். மூன்று பொட்களும் (என் சேவையின் ஓடும் பிரதிகள்) புதிய பதிப்போடு ஓடிக்கொண்டிருந்தன.

அப்ளை என்பது 'மூன்று நிற்க வேண்டும்' என்று கிளஸ்டரில் எழுதி வைப்பதுதான். காலையில் தொழிலாளர் கூடும் பிரட்டுக்களத்தில் கங்காணி ஆள் எண்ணுவது போல, அப்புறம் கிளஸ்டரே எண்ணிக்கொண்டிருக்கும்; ஒன்று விழுந்தால் இன்னொன்றை எழுப்பும். பதிப்பு மாற்றும்போது, என் அமைப்பில், புதியது ஒன்று தயாரான பிறகுதான் பழையது ஒன்று இறங்கும். ஒருமுறை இமேஜின் (சேவையைக் கட்டி வைத்த பொதியின்) டேக்கில், அதாவது பதிப்புப் பெயரில், ஓர் எழுத்தைத் தவறாக அடித்து, 'இமேஜ்புல்பேக்ஓஃப்' (இமேஜை எடுக்க முடியவில்லை) என்று வந்து கை நடுங்கியது. ஆனால் பழைய மூன்றும் அசையாமல் வேலை செய்தன. 'ரோல்அவுட் அன்டூ' போட்டதும் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிட்டது.

மெதுவான இணைய லைனுக்கும் வழி இருக்கிறது. டொக்கர் என்ற கருவி செய்யும் இமேஜ் அடுக்கு அடுக்காகக் கட்டப்படுவது. அடிக்கடி மாறாத நூலகங்களை (மற்றவர்கள் எழுதிய ஆயத்த நிரல்களை) கீழடுக்கிலும் நாம் எழுதும் நிரலை மேலடுக்கிலும் வைத்தால், ஒவ்வொரு முறையும் மாறிய அடுக்கு மட்டும்தான் இணையத்தில் ஏறும். முதலில் 900 எம்பி அனுப்பிய நான் இப்போது அனுப்புவது சில எம்பிதான்.

இதை எனக்கு இங்கே யாரும் சொல்லித்தரவில்லை. உயர்தரம் முடித்து நான் போன கணினி வகுப்பில் ஆறு மாதமும் வேர்டும் எக்செலும்தான். கறுப்புத் திரையைத் திறந்தால் 'கம்பியூட்டர் பழுதாகிவிடும், மூடு' என்றார்கள். அம்மாவின் நாட்சம்பளத்தில் கட்டிய காசு அது. இன்றைக்கும் தோட்டப் பிள்ளைகள் அதே பாடத்துக்குத்தான் காசு கட்டுகிறார்கள்.

குபர்நெட்டீஸ் 2014இல் கூகுள் திறந்த மூலமாக வெளியிட்டது; காசு கட்டாமல் பழகலாம். மினிகியூப் என்ற சிறிய வடிவத்துக்கு இரண்டு கோர் உள்ள செயலி, காலியாக 2 ஜிபி நினைவகம், 20 ஜிபி இடம் இருந்தால் போதும். பழைய லேப்டாப்பிலும் ஓடும். மலையகத்தில் கணினி வகுப்பு நடத்துகிறவர்கள் கட்டளை வரியையும் பாடத்தில் சேர்க்க வேண்டும், அதுவும் தமிழில் விளக்கி. நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் யாராவது தொடங்கினால் சனிக்கிழமைகளில் நானே வந்து சொல்லித்தருகிறேன். சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகி,
நோர்வூட்